எதிர்வாசலில் நின்று பார்த்தால்தான் தெரியும்

எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே குடை பிடித்து வந்தால் ஒருவர் குடையை மடக்கியே ஆக வேண்டும். கீலுங் துறைமுகத்துக்கு மேலே, மலைச்சரிவில் படிபடியாக ஏறும் சந்து அது. எங்கள் ஊர் மழையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வருஷத்தில் பாதி நாள் பெய்கிற ஒன்றைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? குடை மடக்குகிற விஷயத்தில் சந்து முழுக்கச் சண்டை வரும், எங்கள் வாசலுக்கு முன்னால் மட்டும் வராது. அந்த இடத்தில் சியூ-யே சித்தி நின்றுகொண்டிருப்பாள், அவள் யாரையும் சண்டை போட விடமாட்டாள்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு அவளுடையது. உறவில்லை, கூப்பிட்டுப் பழகிய சித்தி. நடுவில் நான்கு எட்டு. அம்மாவும் அவளும் பேசுவதற்காக வீட்டைவிட்டு வெளியே வந்ததே கிடையாது. எங்கள் அடுப்படியிலிருந்து அம்மா கத்துவாள், அங்கே அவள் அடுப்படியிலிருந்து பதில் வரும். மீன் விலை, யார் மருமகள் எப்போது கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் சந்துக்கே கேட்கும். சின்ன வயதில் எனக்கு மானம் போகும். இப்போது அந்தச் சத்தத்துக்காக எதையும் கொடுப்பேன்.

சியூ-யே சித்தி வீடுகளில் கறை எடுக்கிறவள். வீடு பெருக்குகிறவர்கள், துடைக்கிறவர்கள் ஊரில் நிறைய உண்டு. அவர்கள் தோற்றுப்போன இடத்துக்குத்தான் இவளைக் கூப்பிடுவார்கள். நூடுல்ஸ் கடைச் சுவரில் முப்பது வருஷ எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறை ஓட்டில் கல்லாகிப்போன சுண்ணாம்பு உப்பு, சுவரில் பிள்ளைகள் கிறுக்கிய மை, அடிப்பிடித்துக் கரியான குண்டான். பிசுக்குக்கு அவள் கையில் எப்போதும் ஒரு பொட்டலம் பிண்ணாக்குத் தூள் இருக்கும். மற்றதெல்லாம் அந்தந்த வீட்டு அடுப்படியிலேயே எடுத்துக்கொள்வாள்.

வேலை செய்கிற விதமே தனி. போனதும் துணியைத் தொடமாட்டாள். முதலில் குனிந்து கறையை முகர்ந்து பார்ப்பாள். பிறகு விரலை நனைத்து ஓரத்தில் ஒரு சொட்டு வைப்பாள். அப்புறம் உட்கார்ந்துவிடுவாள். வீட்டுக்காரிக்குப் பற்றிக்கொண்டு வரும். "என்னம்மா, வந்த வேலையைப் பாக்காம உக்காந்துட்ட?" என்று கேட்டால், "கொஞ்சம் ஊறட்டும். அதுக்கு எங்க போக வேண்டியிருக்கு?" என்பாள். அந்த நேரத்தில் அந்த வீட்டுக் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டுவிடுவாள்.

ஒரு முறை பல் டாக்டர் வீட்டில் பளிங்கு மேசையில் ஒரு கருப்புத் திட்டு. சோயாக் குழம்பு கொட்டிவிட்டது என்று டாக்டர் பெண்டாட்டி சொன்னாள். சித்தி முகர்ந்து பார்த்தாள். "இது குழம்பு இல்லியே, மருந்துக் கஷாயமாச்சே. யாரு குடிக்கறாங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண் முகம் சிவந்துபோய், வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு அழுதாளாம். பிள்ளை இல்லையென்று மாமியாருக்குத் தெரியாமல் வைத்தியரிடம் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். சித்தி மாவைக் குழைத்து அப்பி, ஒரு நாள் ஊறவிட்டு, திட்டு இருந்த இடமே தெரியாமல் எடுத்துக்கொடுத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. எங்கள் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா என்னிடம் மட்டும் சொன்னாள்.

வேலை முடிந்ததும் அவள் கடைசியாகச் செய்வது ஒன்று உண்டு. அறையின் எதிர்மூலைக்குப் போய் நின்றுகொண்டு அங்கிருந்து பார்ப்பாள். "கிட்டத்துல நின்னு தேய்க்கறவளுக்குக் கறை போச்சா இல்லியான்னு தெரியாது. தூரத்துல நிக்கறவதான் சொல்லணும்" என்பாள். அது கதவாக இருந்தால் எதிர்வாசலில் போய் நிற்பாள். அங்கிருந்து தலையைச் சாய்த்துப் பார்த்து, "இன்னும் ஒரு தடவை" என்பாள். அவள் 'போதும்' என்று சொல்லிக் கேட்பதற்கு வீட்டுக்காரிகள் தவமிருக்க வேண்டும்.

இத்தனை கெட்டிக்காரி வீட்டு வாசலில்தான் சந்திலேயே மோசமான கறை. அவள் புருஷன் தியென்-லாய் சித்தப்பா கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் வேலை. வாயில் எப்போதும் பாக்கு. வேலை விட்டு வந்து முதல் படியில் உட்கார்ந்து துப்புவார், சிவப்பாக. மறுநாள் காலை அவள் படியைத் தேய்த்துக்கொண்டே அவரைத் திட்டுவாள். சாயங்காலம் அவர் திரும்பத் துப்புவார். கல்யாணமான நாள் முதல் இதுதான் நடந்தது. "ஊரான் வீட்டுக் கறைக்கெல்லாம் மருந்து வெச்சிருக்கே, என் ஒரு வாய்க்கு மருந்து இல்லியா?" என்று அவர் கிண்டல் செய்வார். நல்ல மனிதர். எங்கள் அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் போய்விட்டால் எட்டு மாதம், பத்து மாதம் வரமாட்டார். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகினால் ஏறி அடைத்தது தியென்-லாய் சித்தப்பாதான்.

எனக்கு நிச்சயம் வைத்த வருஷம் அது. எங்கள் சந்திரக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் இருபத்தேழாம் தேதி மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. தைப்பேயிலிருந்து வருகிற பெரிய இடம் என்று அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துருப்பிடித்த பச்சைக் கதவை மாற்றிவிட்டு, புது மரக்கதவு போட்டு, தந்த நிறத்தில் பளபளவென்று பெயின்ட் அடிக்கச் சொன்னாள். சந்தில் அப்படி ஒரு கதவு யாரிடமும் இல்லை. அம்மா வேலை மெனக்கெட்டு எதிர்வாசலுக்குப் போய் நின்று அதைப் பார்த்துவிட்டு வருவாள்.

பெயின்ட் அடித்து மூன்றாம் நாள் தியென்-லாய் சித்தப்பா செத்துப்போனார். வேலை செய்யும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லை.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அக்கம்பக்கத்துக் கதவுகளில் எல்லாம் ஒரு சாண் சிவப்புக் காகிதம் ஒட்டுவார்கள். இந்த வீட்டுத் துக்கம் அந்த வீட்டுக்குள் போகக் கூடாது என்பதற்காக. ஒட்டுவது சாவு வீட்டார் கடமை. சவப்பெட்டி சந்தைவிட்டுப் போனதும் அவர்களே வந்து கிழித்துவிட வேண்டும். ஒரு வாசலை மறந்துவிட்டால் அந்த வீட்டுக்காரர்கள் பத்து வருஷமானாலும் சொல்லிக்காட்டுவார்கள். தியென்-லாயின் தம்பி ஷுய்-மு அன்றைக்குக் காகிதமும் கஞ்சிப்பசையும் எடுத்துக்கொண்டு சந்து முழுக்க ஒட்டிக்கொண்டு போனார். ஓயாத மழை. ஒட்டிய காகிதம் ஒவ்வொன்றாக வழிந்து விழுந்தது. ஒரு காகிதம்கூட விழக்கூடாது என்று அவருக்குப் பயம். அண்ணனுக்குக் கடைசியாகச் செய்கிற காரியம், அதில் குறை வரக்கூடாது. தான் வேலை செய்யும் இடத்துக்கு ஓடிப்போய் செருப்பு ஒட்டுகிற மஞ்சள் பசை ஒரு டப்பா கொண்டுவந்து எல்லாக் கதவிலும் அப்பினார்.

மற்ற கதவெல்லாம் பழைய இரும்பு. எங்களுடையது மட்டும் மூன்று நாள் வயதான பெயின்ட்.

அடக்கத்துக்கு நல்ல நாள் பார்த்ததில் பன்னிரண்டு நாள் அந்தக் காகிதம் எங்கள் கதவில் இருந்தது. அதற்குள் மழையில் சாயம் கரைந்து கீழே வரை வழிந்துவிட்டது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள், சாவு வீட்டில் இருக்கிறவளிடம் என்ன சொல்ல முடியும்? ஊர்வலம் போய் முடிந்த அன்று ஷுய்-மு வந்து காகிதத்தைக் கிழித்தார். மேல் பாதி வந்தது. கீழ் பாதி பசையோடு பசையாகக் கதவில் நின்றுவிட்டது. தந்த நிறக் கதவின் நட்ட நடுவில் ரத்தம் மாதிரி ஒரு திட்டு, அதிலிருந்து மூன்று கோடு.

அப்போதுதான் அம்மா வாயை விட்டுவிட்டாள். எதிர்வாசலில், துக்கத்துக்கு உடுத்துகிற சாக்குத்துணி உடுப்போடு சித்தி நிற்கிறாள். தொண்டை கட்டிப்போய் அவளுக்குக் குரலே இல்லை. அவளைப் பார்த்து அம்மா சொன்னாள்: "உன் வீட்டுத் துக்கத்தை என் வாசல்ல ஒட்டிட்டுப் போயிட்டியேடி! என் பொண்ணு வாழப்போறா, அது உனக்குப் பொறுக்கலியா?"

சித்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு பகலில் மூடி நான் பார்த்ததே இல்லை. அம்மாவை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் நிச்சயம், என் கதவு என்று எனக்கும் உள்ளுக்குள் கோபம்தான். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

விஷயம் என்னவென்றால், ஊரில் அந்தக் கறையை எடுக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். அவளால் எங்கள் வாசலுக்கு வர முடியாது. துக்கம் காக்கிறவர்கள் நூறு நாள் அடுத்தவர் வாசல்படியில் கால் வைக்கக் கூடாது, அதிலும் புது வருஷத்துக்கு முந்தின மாதம் கனவிலும் கூடாது. அவளுக்கு வேலை குவிகிற மாதமும் அதுதான். சாமி மாடத்துக்கு மேலே விட்டத்தில் படிந்த ஊதுவத்திக் கரியை எடுக்க வருஷா வருஷம் பதினைந்து வீட்டிலாவது அவளைக் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடவும் முடியாது.

அம்மா தானே இறங்கினாள். முதல் நாள் இரும்பு நாரால் தேய்த்தாள். பசை அப்படியே இருந்தது, சுற்றி இருந்த பெயின்ட்தான் கீறல் விழுந்தது. பெயின்ட் கடைக்காரன் பேச்சைக் கேட்டு டர்பன்டைன் வாங்கி வந்து தடவினாள். அந்தக் காகித அளவுக் கறை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ரோஜா நிறத்தில் பரவியது. மேலே பெயின்ட் அடித்து மறைத்துவிடலாமே என்றேன். "இந்த ஈரத்துல காயாது. காஞ்சாலும் சிவப்பு மேல ஏறி வரும்" என்று கடைக்காரன் கையை விரித்துவிட்டான். அம்மா ராத்திரி சாப்பிடவில்லை.

"எனக்கென்ன வந்துச்சு," என்றாள் என்னிடம், நான் எதுவும் கேட்காமலே. "இந்த வருஷம் அவளுக்குப் பலகாரம் குடுக்கறதா இல்ல. யாராவது குடுத்தா வாங்கிக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒட்டரிசி மாவும் கருஞ்சர்க்கரையும் கலந்து வட்டமாக அவிக்கிற வருஷப் பலகாரம் இல்லாமல் எங்கள் ஊரில் புது வருஷம் கிடையாது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் அதை அவிக்கக் கூடாது, மற்றவர்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எங்கள் சந்தில் எதிர்வீட்டுக்காரிதான் முதலில் கொடுப்பாள். அவள் கொடுத்த பிறகே மற்றவர்கள் கொடுப்பார்கள். அம்மா கொடுக்காவிட்டால் சந்தே தயங்கி நிற்கும். புருஷன் செத்த வருஷம் சித்தி வெறும் தட்டோடு உட்கார்ந்திருப்பாள். அம்மாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

இருபத்துநான்காம் தேதி வந்தது. அன்று காலை சாமிகளை வானத்துக்கு அனுப்பிவைத்துவிட்டு வீடு கழுவத் தொடங்குவோம். சாமி வீட்டில் இருக்கும்போது மாடத்தைத் தொடக்கூடாது. அதனால் ஊர் முழுக்க ஒரே நாளில் வாளியும் துடைப்பமுமாக இறங்கிவிடும். மழைகூட அன்று கொஞ்சம் விட்டிருந்தது. அம்மா மாடத்தைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, ஒரு கிண்ணத்தில் பிளீச்சிங் பவுடரைக் குழைத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணில் வெறி.

எதிர்க்கதவு திறந்தது.

"அக்கா, அதைக் கீழ வை."

அம்மா திரும்பவில்லை. "பெய்-சுன், யாரோ பேசற மாதிரி இருக்கு. யாருன்னு பாரு" என்றாள் என்னிடம்.

"அதைப் பூசினா பெயின்ட் மஞ்சளாப் போயிடும். அப்புறம் சாமியே இறங்கி வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அவரு வேற இன்னைக்குக் காலைலதான் மேல போனாரு."

"உங்க சித்திகிட்ட சொல்லு, இது என் கதவு, நான் தார்கூடப் பூசுவேன்னு."

"அவங்களுக்கே கேட்டுச்சும்மா" என்றேன். நான்கு எட்டு தூரத்தில் வேறென்ன?

சித்தி தன் வாசல்படி விளிம்பு வரை வந்தாள். செருப்பு நுனி படியைத் தாண்டவில்லை, நான் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாள். குரல் மட்டும் பழைய குரல். "பெய்-சுன், உன் அம்மா கையில இருக்கற கிண்ணத்தைப் பிடுங்கு. அடுப்படியில கடலை எண்ணெய் இருக்கும், எடு. சமையலுக்கு வாங்கற அரிசி மது ஒரு பாட்டில். பல் விளக்கற பேஸ்ட். சோறு எடுக்கற மூங்கில் கரண்டி. அப்புறம் உன் ஹேர் டிரையர்."

"ஹேர் டிரையரா?"

"இத்தனை நாள் தலையைத்தானே காய வெச்சே, இன்னைக்குக் கதவைக் காய வை."

அம்மா கிண்ணத்தைக் கொடுத்துவிட்டாள். பிடுங்கவே தேவைப்படவில்லை.

ஹேர் டிரையரை நான் பிடித்தேன். "கை வெச்சா பொறுக்கற சூடு, அதுக்கு மேல வேண்டாம்" என்றாள் சித்தி. பசை இளகியதும் எண்ணெயை அம்மா விரலால் தடவினாள். தடவின உடனே தேய்க்கத் தொடங்கினாள்.

"ஏய்! கையை எடு!"

"என்னையா ஏய்ங்கறே?"

"வேற யாரை? ஊறட்டும். அரை மணி நேரம். உன் அவசரத்துலதான் ஒரு சாண் கறை ஒரு தட்டாப் போச்சு. இரும்பு நார் வெச்சுத் தேய்ச்சே இல்ல? உள்ள உக்காந்து சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். எனக்கு வயிறு எரிஞ்சுது."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"கேட்டிருப்பியா?"

அரை மணி நேரம். எண்ணெய் ஊற வேண்டும், செய்வதற்கு வேறு வேலை கிடையாது. அம்மா ஒரு வாசலில், அவள் ஒரு வாசலில். நடுவில் கூரைத் தண்ணீர் சொட்டுகிறது. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹேர் டிரையரைக் கையில் வைத்துக்கொண்டு நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"சாப்பிட்டியா?" என்று அம்மா கதவைப் பார்த்துக் கேட்டாள்.

"கஞ்சி."

"வெறும் கஞ்சியா?"

"ஒருத்திக்கு என்ன சமைக்கறது, அக்கா?" தன் படியைக் காட்டி அவளே சொன்னாள்: "என் படியைப் பாரேன். இருபது நாளா சுத்தமா இருக்கு. காலைல எழுந்து வாளியைத் தூக்கிட்டு வந்துடறேன். வந்து பாத்தா தேய்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு அது பொறுக்கல, அக்கா."

அம்மா அழுதாள். நான் பார்த்த வரையில் அம்மா அதுவரை யாருக்கு முன்னாலும் அழுதவள் இல்லை. கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைக்கப் போய், கண் எரிந்து, இன்னும் கொஞ்சம் அழுதாள். "அன்னைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தாள்.

"எண்ணெய் ஊறிடுச்சான்னு பாரு" என்றாள் சித்தி.

"தப்புடி. நாக்குல புழுதான் விழணும் எனக்கு."

"சரி சரி. கரண்டியை எடு. ஓரத்துலேர்ந்து நடுவுக்குத் தள்ளு. வழிக்கக் கூடாது, உருட்டணும்."

அம்மா மூங்கில் கரண்டியின் முனையை வைத்து மெல்லத் தள்ளினாள். அந்த மஞ்சள் பசை, இரும்பு நாருக்கு அசையாதது, மண்புழு மாதிரி உருண்டு உருண்டு வந்தது. அம்மா "ஐயோ, வருதே!" என்று கூவியதில் மேல்வீட்டு ஜன்னல் இரண்டு திறந்தன. அப்புறம் துணியில் அரிசி மதுவை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஒவ்வொரு முறையும் துணி சிவந்தது, கதவு வெளுத்தது. சாமியை அனுப்பின அன்று எங்கள் வாசலில் மது வாசனை தூக்கியடித்தது. கீறல் விழுந்த இடத்தில் கடைசியாகப் பல் பேஸ்டை வட்டம் வட்டமாகத் தேய்க்கச் சொன்னாள்.

"போச்சா?" என்று அம்மா கேட்டாள். "எனக்குப் போன மாதிரிதான் இருக்கு."

சித்தி தன் வாசலில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இன்னும் ஒரு தடவை."

அம்மா மறுபடி ஒற்றினாள்.

"கைப்பிடிக்குக் கீழ ஒரு கோடு. இடது பக்கம். இன்னும் ஒரு தடவை."

"பேய்டி நீ!"

"பேய்தான். ஒத்து."

நான்காவது தடவைக்குப் பிறகு, சித்தி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் 'போதும்' என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் எங்களுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக மூக்கைச் சிந்தினாள்.

இருபத்தேழாம் தேதி மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். என் மாமியார் கதவைத் தடவிப் பார்த்து, "நல்ல பெயின்ட்" என்றார். அன்று எதிர்க்கதவு விடிந்ததிலிருந்து சாத்தியே இருந்தது. துக்க வீட்டு முகத்தில் முழித்துவிட்டு அவர்கள் உள்ளே வரக் கூடாது என்று சித்தி சாத்திக்கொண்டது. முதல்முறை அந்தக் கதவு சாத்தியபோது எங்களுக்குச் சுட்டது. இரண்டாம் முறை அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று ஒரு கணம் அதைப் பார்த்தாள். மோதிரம் மாற்றும்போது என் பார்வையும் அங்கேதான் போனது என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் குறை சொல்வார்.

மறுநாள் அம்மா வருஷப் பலகாரம் அவித்தாள். முதல் வட்டு யாருக்கென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவித்த குண்டானோடு, மூடி போட்டு, ஆவி பறக்கப் பறக்கத் தானே தூக்கிக்கொண்டு நான்கு எட்டு நடந்து அந்த வாசலில் வைத்துவிட்டு, "சூடு, பாத்து!" என்று கத்திவிட்டு வந்தாள். சாயங்காலத்துக்குள் சந்தில் பதினோரு வீட்டுப் பலகாரம் அங்கே சேர்ந்துவிட்டது. தின்று தீர்க்க முடியாமல் மார்ச் மாதம் வரை பொரித்துத் தின்றேன் என்று சித்தி பின்னால் சொன்னாள்.

குண்டான் இரண்டு நாள் கழித்து அவள் வாசல்படியில் எங்களுக்காகக் காத்திருந்தது. உள்ளே கொஞ்சம் வெள்ளைச் சர்க்கரை, வெறும் பாத்திரம் திருப்பக் கூடாதே. வெளியே பார்த்தால் அது எங்கள் குண்டானே இல்லை. இருபது வருஷக் கரி, அடியில் மேடு தட்டியிருந்த கரி, ஒரு புள்ளி இல்லை. முகம் பார்க்கலாம். அவளால் எங்கள் வீட்டுக்கு வர முடியாது, எங்கள் குண்டான் அவள் வீட்டுக்குப் போகலாமே. "இதை யாரு இப்படிப் பண்ணச் சொன்னா? இனிமே அடுப்புல வைக்கவே மனசு வராது" என்று அம்மா நாள் முழுக்கப் புலம்பினாள். புலம்பிக்கொண்டே அதைக் கொண்டுபோய் வாசல் பக்கத்தில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற ஆணியில் மாட்டினாள்.

நூறு நாள் முடிந்த அன்று காலை சித்தி வந்து எங்கள் கதவை மிக அருகில் நின்று முகர்ந்து பார்த்தாளாம். அப்போது நான் கல்யாணமாகித் தைப்பேயில் இருந்தேன். அம்மா போனில் சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷம் அவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே கத்திக்கொண்டு வாழ்ந்தார்கள். அப்பா போனபோது சந்து முழுக்க எங்களுக்காகச் சிவப்புக் காகிதம் ஒட்டியது சியூ-யே சித்திதான், கஞ்சிப்பசை போட்டு. மழையில் விழ விழ, ஒரு கையில் குடையும் ஒரு கையில் கிண்ணமுமாகத் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டே இருந்தாள். ஷுய்-முவுக்கு அந்தப் பக்கம் வரவே அனுமதி இல்லை. சந்தில் பாதி வீடு காலியாகிவிட்டது. பிள்ளைகள் லிஃப்ட் வைத்த கட்டடங்களுக்குப் போய்விட்டார்கள். அம்மாவை நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். "அங்க யாருகிட்ட கத்தறது?" என்று கேட்டாள்.

போன குளிர்காலத்தில் சித்தி போய்விட்டாள். எழுபத்தெட்டு வயது. தைசுங்கில் இருக்கும் அவள் மகன் வென்-போ வந்து காரியமெல்லாம் செய்தான். நல்ல பிள்ளை, ஆனால் ஊர் விட்டுப் போனவன். சிவப்புக் காகிதத்தை இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பால் ஒட்டிவிட்டான். ஊர்வலம் போன பிறகு கிழித்தபோது காகிதம் மட்டும் கையோடு வந்தது. டேப் கதவிலேயே நின்றது, ஓரமெல்லாம் சிவப்புச் சாயத்தோடு. அவன் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான். "விட்டுடுப்பா, நான் பாத்துக்கறேன்" என்று அம்மா அவனைப் போகச் சொன்னாள்.

அம்மாவுக்கு அப்போது எண்பது. ஸ்டூலை இழுத்துக் கதவுக்கு முன்னால் போட்டுக்கொண்டு, கடலை எண்ணெய், அரிசி மது, மூங்கில் கரண்டி எல்லாம் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். ஹேர் டிரையரை நான்தான் பிடித்தேன். எண்ணெய் தடவியதும் அவளே கையை எடுத்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எதிர்ப்படியில் ஒரு துளி அழுக்கு இல்லை. பேச்சும் இல்லை.

டேப் உருண்டு வந்தது. சாயத்தை ஒற்றி எடுத்தாள். "போச்சா?" என்று கேட்டாள், என்னிடம் இல்லை, தோளுக்கு மேலே. கேட்டுவிட்டுத்தான் அவளுக்கே நினைவு வந்தது.

"நீ போய் அங்க நில்லுடி," என்றாள். "இங்கேர்ந்து எனக்குத் தெரியாது."

நான் நான்கு எட்டு நடந்து சித்தியின் படியில் ஏறி, அவள் நின்ற இடத்தில் நின்று திரும்பினேன். ஐம்பத்தேழு வயதில் முதல்முறையாக எங்கள் வீட்டை அங்கிருந்து பார்த்தேன். கதவு, ஆணியில் தொங்கும் குண்டான், ஸ்டூலில் என் அம்மா, எல்லாம் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ அப்படியே தெரிந்தது. கதவில் ஒன்றும் இல்லை. பொட்டுக் கறை இல்லை. அம்மா துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

"இன்னும் ஒரு தடவை" என்றேன்.

அம்மா முகம் மாறிய மாற்றத்தை நான் எழுதப்போவதில்லை. "இவ அவளுக்கு மேல இருப்பா போலிருக்கே" என்றாள், எனக்குப் பின்னால் இருந்த மூடிய கதவைப் பார்த்து. பிறகு துணியை மறுபடி மதுவில் நனைத்தாள்.